எடுத்த பக்கத்தைத் திரும்ப வையுங்கள்: வன்னி வைத்தியசாலை நிருவாகத்தினருக்குத் தாதியரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியசாலை நிருவாகத்தினருக்கும் தாதியப் பரிபாலகர்களுக்கும்,

சத்திரசிகிச்சை விடுதிகளில் பாவிக்கும் தாதிய மதிப்பீட்டுப் படிவம் நான்கு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், காயம், வடிகுழாய், சாப்பாடு, மலசலம் எல்லாம் அதில் இருக்கின்றன. எடுபட்டவை இரண்டு பகுதிகள். நோயாளர் தன்னையும் தன் உடலையும் பற்றி என்ன நினைக்கிறார் என்பது ஒன்று. வீட்டிலும் ஊரிலும் அவர் தலையில் என்னென்ன பொறுப்பு இருக்கிறது என்பது மற்றது. "அதை ஒருவரும் நிரப்புவதில்லை, ஆளணியும் போதாது" என்று காரணம் சொல்லப்பட்டது. அதே கையோடு பெண்கள் விடுதியில் மருந்து கட்டுவதற்கென்று இருந்த சிறிய அறையும் களஞ்சியமாகிவிட்டது. இனி மருந்து கட்டுவதெல்லாம் கட்டிலில் வைத்துத்தான்.

இது எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதவில்லை. முடிவெடுத்தவர்களுக்கு அது தெரியும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னியின் எந்த விடுதியிலும் இதே முடிவை எவரும் எடுக்கலாம் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறோம். நாங்கள் இந்த விடுதிகளில் காயம் கழுவி, மலம் சேர வயிற்றில் ஒட்டும் பையை மாற்றி, எஞ்சிய காலுக்குப் பண்டேஜ் சுற்றுகிற தாதியர்.

அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது உண்மைதான். ஏன் கிடந்தது என்றும் பாருங்கள். "சுயகருத்து: நன்று / பாதிக்கப்பட்டுள்ளது" என்று இரண்டு பெட்டி. நோயாளர் நோவோடு துடித்துக்கொண்டு வந்து இறங்குகிற நேரத்தில், பக்கத்தில் மாமியும் மச்சானும் நிற்க, அதில் சரி போட வேண்டும். அப்படிக் கேட்டால் எவருக்கும் பதில் வராது. கேள்வி பிழை, கேட்ட நேரமும் பிழை. அவற்றைத் திருத்தியிருக்கலாம். பக்கத்தையே கிழித்தது எங்களால் ஏற்க முடியாத முடிவு.

தாதியியலில் இது பிற்பாடு ஒட்டிய விடயம் கிடையாது. தாதியியல் அறிஞர் சிஸ்டர் கலிஸ்டா ரோய் 1970 இல் வெளியிட்ட இசைவாக்க மாதிரியில், ஒரு மனிதர் நோய்க்கு ஈடுகொடுக்கிற வழிகள் நான்கு: உடலின் இயக்கம், தன்னைப் பற்றிய எண்ணம், வகிக்கும் பங்கு, பிறரோடு உள்ள உறவு. உங்கள் புதிய படிவத்தில் முதலாவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாதியியலாளர் பொப் பிறைஸ் 1990 இல் உடற்தோற்றப் பராமரிப்பை மூன்றாக வகுத்தார்: உள்ளபடியான உடல், இப்படி இருக்க வேண்டும் என்று மனம் வைத்திருக்கும் உடல், ஊருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் உடல். முதலாவதை சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலத்தில் மாற்றிவிடும். இரண்டாவது மாற மாதங்கள் செல்லும், சிலருக்கு வருடங்கள். அதுவரைக்கும் நோயாளர் மூன்றாவதை வைத்துக்கொண்டு தனியாகப் போராடுகிறார். துவாயால் மூடுகிறார், சேலைத் தலைப்பை இழுத்து விடுகிறார், கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாமல் விடுகிறார்.

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, காயம் ஆறினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக, மறைப்பது எப்படிக் காயத்தையே கெடுக்கிறது என்று விரிவாகச் சொல்கிறோம்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுப் புண்ணால் இழந்தவராக இருக்கலாம், போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் மிதிவெடியில் அகப்பட்டவராக இருக்கலாம். எஞ்சிய பகுதியைப் பார்க்க அவருக்கு மனம் வராது. பார்க்க வருகிற சனத்துக்கும் காட்ட விருப்பமில்லை. எனவே கட்டில் விளிம்பில் இருந்து முழங்காலை மடித்து, சாரத்தின் அடியில் ஒளித்து வைத்திருப்பார். அல்லது முழங்காலுக்குக் கீழே தலையணையை வைத்து மேலே போர்வையைக் குவித்துவிடுவார். பார்க்கிறவருக்கு அது வசதியாகப் படுத்திருப்பது போலத் தெரியும். ஆனால் முழங்கால் அந்த மடிப்பிலேயே இறுகத் தொடங்குகிறது. இறுகிய முழங்காலுக்குப் பொய்க்கால் பொருத்துவது மிகக் கடினம். முழங்கால் நேராக நீட்டியபடி இருக்க வேண்டும், அடியில் தலையணை கூடாது, நாளுக்கு இரண்டு மூன்று தரம் இருபது நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்வதை அவர் கேட்கிறார். செய்வதில்லை. செய்தால் கால் எல்லோருக்கும் தெரியும்.

பண்டேஜும் அப்படித்தான். பத்து சென்ரிமீற்றர் அகலப் பண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் இடுப்புக் கயிறு போல ஓரிடத்தில் இறுக்கி, நுனியில் நீர் கோத்து, எஞ்சிய பகுதி குமிழாகிவிடும். குமிழான கால் பொய்க்காலின் கிண்ணத்துக்குள் இறங்காது. நான்கிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவிழ்த்து, தோலைப் பார்த்து, திரும்பச் சுற்ற வேண்டும். தன் காலைத் தானே பார்க்க முடியாத ஒருவர் இதை எப்படிச் செய்வார்? மனைவிதான் செய்கிறார், அல்லது ஒருவரும் செய்வதில்லை. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறார்கள். வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சப்பாணி கட்டவும், சேற்றில் இறங்கவும் ஏற்றபடி அமைந்த பாதம் அது. கோயிலுக்கும் வயலுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் குமிழான காலோடும் மடங்கிய முழங்காலோடும் போகிறவருக்கு அந்தக் காலால் பயனில்லை. வன்னியில் எத்தனை வீடுகளில் பொய்க்கால் சுவரில் சாத்திக் கிடக்கிறது என்று ஊரில் வேலை செய்யும் எந்த மருத்துவிச்சியையும் கேளுங்கள்.

இல்லாத கால் வலிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கால் எடுத்தவர்களில் பெரும்பான்மையோருக்கு அது வரும். விரல் முறுகுவது போல, பாதம் எரிவது போல. முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்து ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டார். சொன்னாலும் வீட்டார் பேய்க்குணம் என்று நூல் கட்டக் கூட்டிப் போவார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே "இப்படி வரும், இது மூளையும் நரம்பும் செய்கிற வேலை, இதற்கு மருந்து இருக்கு" என்று ஒரு தாதி சொன்னால் பாதிப் பயம் போய்விடும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் முன்வைத்த கண்ணாடிப் பயிற்சிக்கு ஒரு நிலைக்கண்ணாடி போதும். இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்தபடி அசைக்க வேண்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நாலு கிழமை செய்து பார்த்து வலி குறைந்தவர்கள் இருக்கிறார்கள். இதைத் தொடங்குவதற்கும் அவர் முதலில் தன் காலை மூடாமல் விட வேண்டும்.

அடுத்தது வயிற்றில் பை வைத்தவர்கள்: குடலை வயிற்றுத் தோலில் ஒரு துளையாக வெளியே எடுத்து, மலம் பையில் சேர விட்டவர்கள். இதில் நிருவாகம் நேரடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: துளை எந்த இடத்தில் வரப்போகிறது என்பதை முன்கூட்டி அடையாளம் இடுவது. தொப்புளுக்குக் கீழே, வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைக்குள், சுற்றிவர ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றருக்குத் தோல் சமமாக இருக்கிற இடம் வேண்டும். படுத்தபடி பார்த்துவிட்டு மையால் குறிப்பது போதாது. நிமிர்ந்து நிற்கவும், கதிரையில் இருக்கவும், குனியவும், எங்கள் சனத்துக்கு நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கவும் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிலத்தில் இருந்து சாப்பிடும்போதுதான் வயிற்றில் மடிப்பு விழும். ஆணிடம் சாரம் எங்கே கட்டுவார் என்றும், பெண்ணிடம் உட்பாவாடை நாடா எங்கே வரும் என்றும் கேட்க வேண்டும். நாடாவின் கீழே துளை வந்தால் பை பாதியில் அமுக்குப்பட்டு மேற்பக்கத்தால் கசியும். பழைய தழும்புகளையும் விலக்க வேண்டும். 2009 போரில் எறிகணைத் துண்டு பட்டு வயிறு கீறித் தைத்தவர்கள் இன்னும் எங்கள் விடுதிகளுக்கு வருகிறார்கள். தழும்பு மேட்டில் பையின் பசை ஒட்டாது.

குறிக்காமல் வைத்த துளை கசியும். கசிந்தால் தோல் அவியும், அவிந்த தோலில் அடுத்த பை இன்னும் குறைவாக ஒட்டும். வன்னி வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் மூன்று நாளைக்கு நிற்க வேண்டிய பை ஒரு நாளும் நிற்காது. பிறகு மணம் வரும் என்ற பயத்தில் அவர் சாப்பாட்டைக் குறைக்கிறார், பஸ் ஏறுவதில்லை, கிளினிக் வருவதையும் விடுகிறார். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியவுடன் வெறுமையாக்க வேண்டும் என்றும், துளையைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும் என்றும், முதல் ஆறு முதல் எட்டுக் கிழமையில் துளை சுருங்குவதால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும் என்றும், நிறம் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே வர வேண்டும் என்றும் நாங்கள் சொல்லிக் கொடுப்பது எல்லாம், அவர் அந்த இடத்தைத் தன் உடல் என்று ஏற்றுத் தொடுகிற நாளில்தான் பலிக்கும். அதுவரை மகளோ மனைவியோ மூக்கைப் பொத்திக்கொண்டு செய்வார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

இன்னொன்று. பை வைத்தபின் கோயிலுக்குள் போகலாமா என்று எங்களிடம் நேரே கேட்பவர் குறைவு. பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும், ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கும் ஆண்டு தவறாமல் போனவர்கள் சத்தம் போடாமல் நின்றுவிடுகிறார்கள். அது தீராத துடக்கு என்று தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். தாதி பூசகரும் இல்லை, குருவானவரும் இல்லை. ஆனால் "கோயிலுக்குப் போறது பற்றி யோசிச்சனீங்களோ?" என்று கேட்டால், அந்த விடயத்தைப் பேசலாம் என்று அவருக்குத் தெரியும். போவதற்கு முன் பையை வெறுமையாக்குங்கள், மாற்றுப் பை ஒன்று கையில் வைத்திருங்கள், முதல் தரம் சன நெரிசல் இல்லாத நாளில் போங்கள் என்று சொல்ல எங்களுக்கும் வழி வரும். கணவன் மனைவி உறவும் அப்படித்தான். நாங்கள் தொடங்காவிட்டால் அவர்கள் ஒருநாளும் கேட்க மாட்டார்கள்.

மார்பகம் எடுத்த பெண்களிடம் ஒளித்தல் தோளில் தெரியும். அந்தப் பக்கக் கையை நெஞ்சோடு ஒட்டி, தோளை முன்னுக்கு வளைத்து, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடப்பார்கள். ஒரு சில கிழமையில் தோள்மூட்டு இறுகும். கதிர்ச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த பின் "கை உயரவில்லை, பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்" என்று கேட்பது எவ்வளவு கொடுமை. வடிகுழாய் இருக்கும் நாட்களில் தோள்மட்டம் வரை, எடுத்தபின் அதற்கு மேல் என்று பயிற்சி படிப்படியாகப் போக வேண்டும். அதைவிடச் சிறிய காரியம் ஒன்று பெரிய பயன் தரும்: வீட்டுக்கு அனுப்பும் நாளில் பருத்தித் துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த இலேசான மார்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது. காயம் ஆறும் வரை, ஏறக்குறைய ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு, பாரமில்லாத இதுதான் ஏற்றது. அதற்குப் பிறகு மற்றப் பக்கத்தின் நிறைக்குச் சமமானது வேண்டும். பாரம் ஒரு பக்கம் இல்லாவிட்டால் உடம்பு சாய்ந்து கழுத்தும் முதுகும் நோகும். துணியும் பஞ்சும் வாங்குவது ஒரு வைத்தியசாலைக்குச் செலவே இல்லை. அது கையில் இருந்தால் அவர் பஸ்ஸில் நிமிர்ந்து இருந்து வீட்டுக்குப் போவார்.

இரசாயனச் சிகிச்சை தொடங்குகிறவருக்கு முடி கொட்டும் என்பதை, முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று கிழமையில் தொடங்கும் என்பதையும், முடிந்தபின் திரும்ப வளரும் என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். நீளக் கூந்தலை முதலே கட்டையாக வெட்டினால், தலையணையில் கொத்துக் கொத்தாகக் கண்டு பதறத் தேவையில்லை. நேர்த்திக்கு மொட்டை போட்டதாக ஊருக்குச் சொல்லிக்கொள்கிற பெண்கள் உண்டு. அப்படிச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்களின் உரிமை. நாங்கள் அதைக் கேள்விப்பட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தீக்காயத்தில், தழும்பு தடிக்காமல் இருக்க அணியும் அமுக்கச் சட்டையை நாளுக்கு 23 மணித்தியாலம், ஒரு வருடம் வரையும் அதற்கு மேலும் போட வேண்டியிருக்கும். சூட்டில் கழற்றிவிடுவார்கள். எதற்குப் போடுகிறோம், எப்போது மாறுபாடு தெரியும் என்பதைப் படத்தோடு காட்டினால் கொஞ்சம் நிற்கும். முகத்தில் தீக்காயம் பட்டவர் இருக்கும் விடுதியில் கண்ணாடியைக் கழற்றி ஒளிப்பது எங்கள் பக்கத்தில் நடக்கும் வழக்கம். அது அவருக்குச் சொல்லும் சேதி ஒன்றுதான்: பார்க்க முடியாத அளவுக்கு இருக்கிறாய்.

முதல் தரம் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் களஞ்சியமான அந்த அறையில்தான் இது நடந்தது. காயத்தை முதன்முதலில் பார்க்கும் நேரத்தை நோயாளர் தெரிவு செய்ய வேண்டும். வலி மருந்து கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து, கதவைச் சாத்தி, அவர் விரும்பும் ஒருவரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். முதலில் என்ன தெரியும் என்று வாயால் சொல்ல வேண்டும்: தையல் இத்தனை, வீக்கம் இருக்கும், நிறம் இப்படி, ஆறு கிழமையில் இது இறங்கும். பிறகு கைக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, வேண்டுமென்றால் உயர்த்தச் சொல்ல வேண்டும். "இண்டைக்கு வேண்டாம் மிஸ்ஸி" என்றால் அன்றைக்கு வேண்டாம்தான். அந்த நேரத்தில் அவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். மூக்குச் சுளித்தால், கண்ணை வேறு பக்கம் திருப்பினால், அவருக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கள் கையுறை அணிந்த கை காயத்தின் அருகே உள்ள நல்ல தோலில் பதற்றமில்லாமல் படுவதே அன்றைய பராமரிப்பில் பாதி.

இதை 24 கட்டில் உள்ள விடுதியில், உடைந்த சில்லோடு நிற்கும் ஒரேயொரு மறைப்புத் திரையை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. திரை ஒரு பக்கத்தை மறைக்கும். எதிர்க்கட்டில்காரருக்கு எல்லாம் தெரியும். பார்வை நேரத்தில் ஊரே திரண்டு வரும், அது எங்கள் சனத்தின் நல்ல குணம். ஆனால் வந்தவர் "எந்தக் கால்?" என்று கேட்டுக்கொண்டே போர்வையைத் தூக்கிப் பார்ப்பார். தடுக்க நோயாளருக்கு வாய் வராது. வார்ட் றவுண்டில் "பன்னிரண்டாம் கட்டில் கால்", "அந்த மார்புக் கேஸ்" என்று நாங்களும் வைத்தியர்களும் சொல்வது அவருக்குக் கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது அம்மா, ஐயா, அக்கா, தம்பி என்று கூப்பிடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை.

இனி, ஊரில் அவர் வகிக்கும் பங்கு. பழைய படிவத்தில் "தொழில்" என்று ஒரு கோடு இருந்தது. "விவசாயம்" என்று எழுதினால் முடிந்தது. அதில் என்ன தெரியும்? இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர் வரம்பில் நடக்க வேண்டும், வாய்க்கால் மறித்துக் கட்ட வேண்டும், மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்க வேண்டும். கரைவலைக்காரர் மணலில் இழுக்க வேண்டும். போருக்குப் பின் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் கிணற்றில் அள்ளவும், விறகு கொத்தவும், திருவலையில் இருந்து தேங்காய் துருவவும், பிள்ளையை சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகவும் வேண்டும். ஒரு கை போனால் இவற்றில் எது போகும், எதை வேறு விதமாகச் செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும் என்பதைக் கேட்டு எழுதினால்தான் வீட்டுக்கு அனுப்பும் திட்டம் என்று ஒன்று இருக்கும். மலசலகூடம் குந்துவதா, கொமட்டா, வீட்டிலிருந்து எத்தனை யார் தூரம், பாதை மணலா என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். மணலில் சாதாரண ஊன்றுகோலின் இறப்பர் நுனி புதையும், அகலமான நுனி வேண்டும். குந்த முடியாதவருக்கு இருக்கையின் நடுவில் துளை வெட்டிய உறுதியான கதிரை ஒன்றை மலசலகூடக் குழிக்கு மேல் வைத்தால் போதும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் அவர் இருட்டும் வரை அடக்கி வைத்திருந்து பற்றைக்குப் போகிறார்.

அன்பினால் நடக்கும் கேடும் ஒன்று உண்டு. "நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்" என்று வீட்டார் எல்லா வேலையையும் பறித்துக்கொள்வார்கள். கணக்குப் பார்த்தவர் கணக்குப் பார்ப்பதில்லை, பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டவர் அதைச் செய்வதில்லை, சந்திக்குப் போய்ச் செய்தி கேட்டவர் படலை தாண்டுவதில்லை. ஒரு மாதத்தில் அவர் வீட்டில் இருக்கும் விருந்தாளியாகிவிடுவார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தை இருத்தி, முதல் கிழமையிலிருந்தே அவர் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எந்த வேலை என்பதை அவரே சொல்ல வேண்டும்.

"நான் இனி ஆருக்கும் பாரம்தான்" என்ற சொல் வந்தால் தாதி அங்கேயே நிற்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் தனியே விடக்கூடாது, அன்றைக்கே மனநல வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும், வீட்டுக்குப் போகும்போது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துவிட்ட பக்கத்தில் இந்தச் சொல்லை எழுதுவதற்கு ஓர் இடம் இருந்தது. இப்போது அதை எங்கே எழுதுவது?

மொழியையும் மறைக்காமல் சொல்கிறோம். தெற்கிலிருந்து வந்து எங்களோடு இரவு பகலாக உழைக்கிற சிங்களத் தாதியர் பலர் இருக்கிறார்கள். கட்டிலருகே வந்து கேட்க அவர்களுக்கு மனம் இருக்கிறது, மொழி போதவில்லை. அப்போது மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அற்றென்டன் தம்பி, அல்லது பக்கத்துக் கட்டில் அம்மாவின் பேத்தி. மார்பு பற்றியோ, சலக்குழாயோடு கணவனுக்குப் பக்கத்தில் படுப்பது பற்றியோ அந்த வழியால் எவர் பேசுவார்?

ஆளணி போதாது என்பதை நாங்கள் உங்களைவிட நன்றாக அறிவோம். இரவு வேலையில் இரண்டு பேர் ஒரு விடுதியையே பார்த்த நாட்கள் எங்களுக்குத்தான். அதனால்தான் நான்கு பக்கத்தைத் திரும்பக் கேட்கவில்லை. நான்கு கேள்விகள் போதும், அவற்றையும் மருந்து கட்டும்போதே கேட்கலாம், தனி நேரம் வேண்டாம்: "காயத்தைப் பாத்தனீங்களோ, பாக்க விருப்பமோ?" "வீட்டை போனால் முதல் என்ன வேலை செய்யோணும் எண்டு இருக்கிறியள்?" "எந்த வேலை இனி ஏலாது எண்டு பயப்பிடுறியள்?" "உங்களைப் பாக்க ஆர் வரவேண்டாம் எண்டு நினைக்கிறியள்?" கடைசிக் கேள்வியில்தான் அதிகம் வெளிவரும். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு வரி எழுத வேண்டும். "சுயகருத்து பாதிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் அடுத்த வேலைமுறைத் தாதிக்கு ஒன்றும் விளங்காது. "மகனுக்குக் காலைக் காட்ட வேண்டாம் என்கிறார்" என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும்.

இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆம் உறுப்புரை, புனர்வாழ்வு முடிந்தவரை முற்கூட்டியே தொடங்க வேண்டும் என்றும், ஒவ்வொருவரின் தேவைகளையும் பலங்களையும் பல துறையினரும் மதிப்பிட்டு அமைய வேண்டும் என்றும், ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணையும் அதில் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. வன்னியில் அந்தத் துணைக்குப் பஞ்சமில்லை. பொய்க்காலோடு வயல் செய்கிறவர்களும், சக்கர நாற்காலியில் கடை நடத்துகிறவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கட்டிலருகே அரை மணித்தியாலம் இருந்தால், நாங்கள் ஒரு கிழமை சொல்லி ஏறாதது ஏறும். இப்போது அவர்கள் பார்வை நேரத்தில், வாசலில் காவலாளியோடு வாதாடி உள்ளே வர வேண்டியிருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை:

மேலே உள்ள நான்கு கேள்விகளையும் அரைப் பக்கமாகப் படிவத்தில் சேருங்கள். அனுமதிக்கும் நேரத்தில் வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், முதல் மருந்து கட்டும் நாள், வீட்டுக்குப் போகும் நாள் என்று மூன்று தரம் திகதி போட இடம் விடுங்கள். கேள்விகளைத் தமிழிலும், உச்சரிப்பும் பொருளும் சிங்கள எழுத்திலும் அச்சிட்ட ஓர் அட்டையை ஒவ்வொரு விடுதிக்கும் தாருங்கள். ஒவ்வொரு வேலைமுறையிலும் தமிழ் பேசும் தாதி ஒருவராவது இருக்கும்படி பட்டியல் போடுங்கள். அந்தரங்கமான விடயங்களுக்கு அற்றென்டனையும் உறவினரையும் மொழிபெயர்க்க விடுவதை நிறுத்துங்கள்.

மருந்து கட்டும் அறையைத் திருப்பித் தாருங்கள். கடுதாசிப் பெட்டிகளை வைக்க வேறு இடம் கிடைக்கும். அறை வரும் வரை விடுதிக்கு இரண்டு மறைப்புத் திரைகள், நான்கு பக்கமும் மறைப்பவை, சில்லு உருள்பவை.

ஒவ்வொரு சத்திரசிகிச்சை விடுதியிலும் ஒரு தாதிக்காவது வயிற்றுத் துளை இடம் குறிப்பதில் பயிற்சி கொடுங்கள். துளை வைக்கும் திட்டமிட்ட சத்திரசிகிச்சை எதுவும் அந்தக் குறி இல்லாமல் நடக்காது என்று சத்திரசிகிச்சைக் கூடத்தின் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். மார்பகம் எடுத்த ஒவ்வொருவரும் பஞ்சு மார்போடு வீட்டுக்குப் போக, துணிக்கும் பஞ்சுக்கும் அனுமதி தாருங்கள். தைப்பதற்கு ஊர் மாதர் சங்கங்களைக் கேட்கலாம்.

நோயாளர் சம்மதித்தால், அதே நிலையைக் கடந்து வந்த ஒருவர் பார்வை நேரத்துக்கு வெளியே வர அனுமதிச் சீட்டுக் கொடுங்கள். போக்குவரத்துச் செலவையும் கொடுங்கள்.

வீட்டுக்குப் போகும் அட்டையில் செய்ய முடிந்த வேலை, உதவி வேண்டிய வேலை, மலசலகூடம், பாதை ஆகிய நான்கையும் தமிழில் எழுத இடம் விடுங்கள். சம்மதத்தோடு அதன் பிரதி அந்தப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், இரண்டு கிழமைக்குள் ஒருவர் வீட்டுக்குச் சென்று பார்க்கட்டும்.

இம்மடல் கிடைத்து முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். படிவத்தைத் திருத்தும் குழுவில் விடுதித் தாதியர் இருவரையும், கால் இழந்த ஒருவரையும், வயிற்றுப் பையோடு வாழும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் மாதிரிப் படிவத்தோடு வருகிறோம்.

இப்படிக்கு,
வன்னியின் சத்திரசிகிச்சை விடுதிகளில் பணியாற்றும் தாதியர்